பீப்பாய் எலுமிச்சை

நவம்பர் 9

கீழ் வீட்டுக்காரிக்கு,

உன்னோடு இனிப் பேசுவதில்லை என்று சொன்னேன். சொன்ன சொல் சொன்னதுதான். ஆனால் பின்பக்கத் தோட்டம் இரண்டு வீட்டுக்கும் பொது. இந்த மலைக் குளிர் நம் சண்டை தீரட்டும் என்று காத்திருக்காது. ஆகவே எழுதுகிறேன். மாடிப்படிக் கைப்பிடியில் துணிக் கிளிப் போட்டு மாட்டியிருக்கிறேன். பதில் எழுதுவதானால் நீயும் அங்கேயே மாட்டு. நாலரைக்கு வேலை முடிந்து வரும்போது எடுத்துக்கொள்வேன்.

அண்ணனும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை சீட்டாட்டத்துக்கு நடுவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். உன் காதிலும் விழுந்திருக்கும். "எலுமிச்சை இந்தக் குளிரைத் தாண்டிட்டா தோட்டம் இருக்கட்டும். பட்டுப்போச்சுன்னா அந்த இடத்துல ஒரு ரூம் கட்டிடலாம்." நம் வீட்டுக்காரர்கள் இருவரும் ஓட்டை பஸ்ஸைப் பழுது பார்க்கிற மாதிரியே குடும்பத்தையும் பழுது பார்க்கிறார்கள். உனக்கு அறை வேண்டும், எனக்குத் தோட்டம் வேண்டும். மரம் செத்தால் யாருக்கு லாபம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டேலியாப் பூச்செடியின் கிழங்குகளைத் தோண்டி எடுத்து மணலில் போட்டுவிட்டேன். பூண்டு ஊன்றிய பாத்தியில் கால் வைக்காதே. சீருடை அலசிய சோப்புத் தண்ணீர் கீரைப் பக்கம் ஓடக் கூடாது. எலுமிச்சை நிற்கிற பீப்பாயைச் சுற்றிச் சாக்குக் கட்டி, மண்ணுக்கு மேலே வைக்கோல் போட்டு, அதையும் சாக்கால் மூடிவிட்டேன். எலுமிச்சையின் பொறுப்பு மார்ச் வரை என்னுடையது. நீ அதன் பக்கமே போக வேண்டாம்.

மாடி வீட்டுக்காரி


நவம்பர் 11

அக்கா அவர்களுக்கு,

"அவர்களுக்கு" என்று எழுதியதை மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். தூரமாக நிற்கிறேன் என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் இருபது வருஷம் குப்பை கொட்டியதில் வீட்டுக்கும் ஃபைல் போட ஆரம்பித்துவிட்டீர்கள். பூண்டுக்கு ஒரு உத்தரவு, கீரைக்கு ஒரு உத்தரவு. எனக்கு இந்த மாதம் எண்பது சீருடை தைத்தாக வேண்டும். உங்கள் மரத்தைக் கொலை செய்யத் தனியாக நேரம் ஒதுக்க முடியாது, மன்னிக்கவும்.

நான் ஏன் அறை கேட்டேன் என்பதையும் அந்த ஃபைலில் போட்டு வையுங்கள். கீழே இரண்டே அறை, மூன்று பேர். பெண்ணுக்குப் பதின்மூன்று வயது ஆகிறது. நான் துணி வெட்டும் மேசையை மடக்கினால்தான் அவளால் படுக்கை விரிக்க முடியும். ஃப்ரிட்ஜுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறாள். மாடியில் நீங்கள் இரண்டே பேர், மூன்று அறை. அதில் கிழக்கு அறையைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். டேலியாக் கிழங்கு தூங்குகிறது. கிழங்குக்கு ஒரு அறை உண்டு, என் பெண்ணுக்கு இல்லை.

அதைத்தான் அக்டோபரில் வாய்விட்டுக் கேட்டேன். "காலி இல்ல" என்றீர்கள். வேறு வழியில்லாமல்தான் என் வீட்டுக்காரர் தோட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். அதற்கு நான் வில்லியா?

கீழ் வீட்டுக்காரி (பட்டம் நீங்கள் கொடுத்தது)


நவம்பர் 14

கீழ் வீட்டுக்காரிக்கு,

நீ கேட்டதை எழுதினாய். நான் இல்லை என்றதும் நீ சொன்னதை ஏன் எழுதவில்லை? பேனாவில் மை தீர்ந்துவிட்டதா?

"யாருக்காகப் பூட்டி வச்சிருக்கீங்க? வராத புள்ளைக்கா?" என்று கேட்டாய். படிக்கட்டில் நின்றுகொண்டு, எதிர்வீட்டு நர்ஸ் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டாய். இந்த வீட்டுக்கு நான் வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. மாமியார் கேட்காத கேள்வி அது. அவர் கேட்காத கேள்வியே கிடையாது என்று உனக்கும் தெரியும்.

அந்த அறையைப் பற்றி இனி ஒரு எழுத்து எழுதினாலும் படிக்காமல் கிழித்துப் போடுவேன்.

மாடி வீட்டுக்காரி


நவம்பர் 17

அக்கா,

சொன்னேன். வாய் தவறி வந்துவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். எங்கே அடித்தால் வலிக்கும் என்று பார்த்துத்தான் அடித்தேன். அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரு தையல் நேராக விழவில்லை. அது உங்களுக்குத் தெரிய நியாயமில்லை.

ஆனால் நீங்கள் திருப்பி அடித்தீர்களே, அந்த அடி என் மேல் விழவில்லை. "உன் பொண்ணு கால் வச்சா அந்த ரூம் உருப்படுமா?" என்றீர்கள். அவள் எனக்குப் பின்னால் மூன்றாவது படியில் நின்றிருந்தாள். ஸ்கூல் பையைக்கூடக் கழற்றவில்லை. நான்கு வயதிலிருந்து "பெரியம்மா, பெரியம்மா" என்று உங்கள் சமையலறையில் கிடந்த பெண். அன்றையிலிருந்து அவள் மாடிப்படி ஏறவில்லை. நான் தடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். தடுக்கவில்லை. அவளே போகவில்லை.

இதையும் கிழித்துப் போடுங்கள்.


டிசம்பர் 2

கீழ் வீட்டுக்காரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதற்குப் பதில் எழுதப் போவதில்லை. இது தோட்டத்தைப் பற்றி.

மூன்று நாளாக உறைபனி. கீரையின் மேல் வெள்ளை படிந்திருக்கிறது, பரவாயில்லை, கீரை தாங்கும். பூண்டு விரல் உயரம் வந்துவிட்டது. காரட்டை மண்ணிலேயே விட்டு வைக்கோல் போட்டிருக்கிறேன். தேவைப்பட்டால் நீயும் பிடுங்கிக்கொள், பொதுத் தோட்டம்தான், நான் கணக்குப் பார்க்கவில்லை. குழாயில் துணி சுற்றியிருக்கிறேன், அதை அவிழ்த்தால் குழாய் வெடிக்கும்.

எலுமிச்சையில் இலை மஞ்சளாகிறது. கீழ் இலையில் ஆரம்பித்து மேலே போகிறது. போன வருஷம் இதைவிடக் கடுமையான பனி, ஒரு இலைகூட நிறம் மாறவில்லை. இந்த வருஷம் மட்டும் என்ன வந்தது? சோப்புத் தண்ணீரா, உப்பா? வேறு ஏதாவதா? உனக்குத் தெரிந்தால் எழுது.

மாடி வீட்டுக்காரி


டிசம்பர் 4

அக்கா அவர்களுக்கு,

உப்பா? என் சமையலறை உப்பை எடுத்துக்கொண்டு போய் உங்கள் மரத்துக்குப் போட்டேன் என்கிறீர்கள். நன்றாக இருக்கிறது. நேற்று நர்ஸ் என்னிடம் பிளவுஸ் அளவு கொடுக்க வந்தவர், "மரம் வாடுதாமே? கீழ இருக்கறவ கண்ணே போதும்னு உங்கக்கா சொன்னாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். என்னோடு பேசுவதில்லை, ஆனால் என்னைப் பற்றி ஊரோடு பேசுகிறீர்கள். நல்ல சபதம்.

எனக்கு அறை வேண்டும். மறைக்கவில்லை. தினமும் வேண்டும், இன்றைக்கும் வேண்டும். ஆனால் மரம் சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குப் புரியாவிட்டால் ரெக்கார்டு அறையில் இறந்தவர் ஃபைலையும் பிறந்தவர் ஃபைலையும் எப்படிப் பிரித்து வைக்கிறீர்களோ தெரியவில்லை.

மரத்தை நீங்கள் ஒழுங்காகப் பாருங்கள். மற்றவர்கள் மேல் பழி போடுகிற நேரத்தில் அதைப் பார்த்தாலே போதும்.


டிசம்பர் 20

கீழ் வீட்டுக்காரிக்கு,

பீப்பாயின் மேல் சாக்கில் சுவர்ப் பக்க மூலையை இன்று காலைதான் பார்த்தேன். நான் போடுவது இரட்டை முடிச்சு, இழுத்தால் இறுகும். இப்போது இருப்பது ஒற்றைச் சுருக்கு, நுனியை உள்ளே மடித்துச் செருகியிருக்கிறது. நூல் பிரிந்துவிடாமல் தையல்காரிகள் போடும் முடிச்சு. இந்த வீட்டில் எத்தனை தையல்காரிகள்?

இலை பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறாய். சாக்கை அவிழ்த்தாயே, கட்டும்போது என் முடிச்சையாவது பார்த்துக் கட்டியிருக்கக் கூடாதா? திருட்டுத்தனத்துக்கும் கொஞ்சம் திறமை வேண்டும்.

மாடி வீட்டுக்காரி


டிசம்பர் 21

அக்கா அவர்களுக்கு,

காற்றில் சாக்கு அவிழ்ந்தது. கட்டினேன். அவ்வளவுதான். வேறு ஒன்றும் செய்யவில்லை. கட்டியது தப்பென்றால் அடுத்த தடவை பறக்க விட்டுவிடுகிறேன்.


டிசம்பர் 22

"வேறு ஒன்றும் செய்யவில்லை" என்று நான் கேட்காமலே எழுதியிருக்கிறாய். எங்கப்பன் குதிருக்குள் இல்லை.


ஜனவரி 12

கீழ் வீட்டுக்காரிக்கு,

கடைசி இலையும் நேற்று விழுந்தது. கிளையை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை இல்லை, பழுப்பு. அடித்தண்டைக் கீறினேன். அதுவும் பழுப்பு.

சாக்கு, வைக்கோல் எல்லாவற்றையும் முழுக்க எடுத்தேன். மண் சேறாகக் கிடக்கிறது. கை வைத்தால் மணிக்கட்டு வரை போகிறது. அழுகிய முட்டை நாற்றம். பீப்பாயின் அடித் துளையைச் சுற்றிக் கட்டிய சாக்கு அடைத்துவிட்டது. வேரைப் பிடித்து இழுத்தேன், தோல் கையோடு உரிந்து வந்தது.

அந்த நாற்றத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன். உன்னிடம் சொல்வதில் எனக்கு என்ன வெட்கம், நீ ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாய்.

நான் ஊற்றிய தண்ணீருக்கு மண் இவ்வளவு சேறாகாது. நீ என்ன ஊற்றினாய், எவ்வளவு ஊற்றினாய்? உன் பெண் மேல் ஆணையாக எழுது.


ஜனவரி 13

அக்கா,

அவள் மேல் ஆணை எதற்கு? சும்மாவே சொல்கிறேன்.

தண்ணீர்தான் ஊற்றினேன், வேறு எதுவும் இல்லை. நவம்பர் நடுவில் முதல் பனி விழுந்த அன்றைக்கு ஆரம்பித்தேன். நீங்கள் ஏழு மணிக்குப் போனால் நாலரைக்குத்தான் வருவீர்கள். மதியம் சாக்கின் ஒரு மூலையை அவிழ்த்து ஒரு குவளை ஊற்றுவேன். குளிர்ந்த தண்ணீர் வேரைச் சுடும் என்று நினைத்து வெந்நீர் கலந்து வெதுவெதுப்பாக ஊற்றுவேன். நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். எனக்குச் செடி பற்றி ஒன்றும் தெரியாது. வாடினால் தண்ணீர் என்று மட்டும்தான் தெரியும்.

ஏன் ஊற்றினேன் என்று கேட்பீர்கள். அந்த மரம் செத்தால் நான்தான் கொன்றேன் என்று நீங்கள் சாகிற வரை சொல்வீர்கள். அறை கட்டினாலும் ஒவ்வொரு செங்கல்லையும் பார்த்துச் சொல்வீர்கள். நர்ஸிடம் சொல்வீர்கள். அந்தச் சுவருக்குள் என் பெண் எப்படிப் படுத்துத் தூங்குவாள்? ஏற்கெனவே அவள் கால் பட்டால் உருப்படாது என்று ஒரு பேச்சுக் கேட்டவள். அறை போனால் போகட்டும், மரம் பிழைக்கட்டும் என்று நினைத்தேன். பிழைத்தால் உங்கள் முகத்தைப் பார்க்கலாம் என்றும் நினைத்தேன். "பாத்தீங்களா, நான் ஒண்ணும் பண்ணலை" என்று.

இலை மஞ்சளானதும் எனக்கு வேறு மாதிரி தோன்றியது. நீங்கள் வேண்டுமென்றே தண்ணீர் விடாமல் காயப் போடுகிறீர்கள் என்று நினைத்தேன். என் மேல் பழி விழுவதற்காக மரத்தையே பலி கொடுக்கிறீர்கள் என்று நினைத்தேன். அவ்வளவு கெட்டவளாக உங்களை நினைத்தேன், ஆமாம். அன்றையிலிருந்து தினமும் இரண்டு குவளையாக்கினேன். இலை கொட்டக் கொட்ட மூன்று.

நீங்கள் ஒரே ஒரு நாள் கீழே இறங்கி வந்து, "ஏண்டி, தண்ணி ஊத்துறியா?" என்று வாயைத் திறந்து கேட்டிருந்தால் மரம் இன்றைக்கு நின்றிருக்கும். நானும் மேலே வந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.


ஜனவரி 14

நான் ஊற்றியது முதலில் பதினைந்து நாளுக்கு ஒரு பூவாளி. குளிரில் எலுமிச்சைக்கு அதற்கு மேல் ஆகாது. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

டிசம்பரில் இலை மஞ்சளானபோது, நீ சாக்கைத் திறந்து வைத்து மண்ணைக் காய வைக்கிறாய் என்று நினைத்தேன். வாரத்துக்கு மூன்று பூவாளி ஊற்ற ஆரம்பித்தேன், வேலைக்குப் போகும் முன்னால். உன் முடிச்சைப் பார்த்த பிறகு தினமும்.

மண்ணில் விரல் விட்டுப் பார்த்தால் ஈரம் தெரியும். செடி வளர்க்கிற எவளும் முதலில் அதைத்தான் செய்வாள். இருபது வருஷமாக நானும் அதைத்தான் செய்கிறேன். இந்தக் குளிரில் ஒரு தடவைகூடச் செய்யவில்லை. நான் மண்ணைப் பார்க்கவே இல்லை, உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தம்பியிடம் சொல்லிவிடுகிறேன். அறையைக் கட்டிக்கொள். செங்கல்லைப் பார்த்து ஒன்றும் சொல்ல மாட்டேன்.


ஜனவரி 19

அக்கா அவர்களுக்கு,

நீங்கள் மாடியிலிருந்து இறங்குவதற்குள் நான் முந்திக்கொண்டேன். நேற்று இரண்டு பேரும் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். உங்கள் வீட்டுக்காரர், "என்னம்மா, மொட்டையா நிக்குது?" என்றார். "குளிர்ல அப்படித்தான் மாமா. தூங்குது. மார்ச்ல துளிர்க்கும்" என்றேன். இரண்டு பேரும் தலையை ஆட்டிவிட்டுச் சீட்டாடப் போய்விட்டார்கள். அவர்களுக்கு எலுமிச்சைக்கும் விறகுக்கும் வித்தியாசம் தெரியாது.

மார்ச்சுக்குள் அதே உயரத்தில் ஒரு கன்று வாங்கி நட்டுவிடுங்கள். தோட்டம் உங்களுக்கே இருக்கட்டும். நீங்கள் சேற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு அந்த இடத்தில் சுவர் எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. நாங்கள் வேறு வாடகை வீடு பார்த்துக்கொள்கிறோம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நன்றி, கின்றி என்று எதுவும் எழுத வேண்டாம்.


ஜனவரி 26

கீழ் வீட்டுக்காரிக்கு,

உன் பொய்யில் நான் தோட்டம் போட வேண்டுமா? அந்த அளவுக்கு நான் தாழ்ந்துவிடவில்லை. நேற்று இரண்டு பேரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். மரம் செத்துவிட்டது, பாதி அவள் கொன்றாள், பாதி நான் கொன்றேன் என்று. கையில் இருந்த சீட்டை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். "அப்ப ரூம் கட்டிடலாமா அண்ணி?" என்றான் என் கொழுந்தன். கட்ட வேண்டாம், ரூம் இருக்கிறது என்றேன்.

இனி நீ வாடகை வீடு பார்க்கிறேன் என்று மிரட்டுவதற்கும் வழியில்லை.

கிழக்கு அறையைக் காலி செய்துவிட்டேன். கிழங்குப் பெட்டிகள் படிக்கட்டுக்குக் கீழே இருக்கின்றன, உன் சைக்கிளை அதன் மேல் சாய்க்காதே. அந்த அறைக்குப் பதினேழு வருஷத்துக்கு முன்னால் இளமஞ்சள் பெயின்ட் அடித்தோம். ஏன் அடித்தோம் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. அதற்கப்புறம் இரண்டு வருஷம் அந்தக் கதவை நான் திறக்கவில்லை. சும்மா கிடந்தால் யாராவது கேட்பார்கள் என்றுதான் கிழங்கைக் கொண்டுபோய் வைத்தேன். ஆனாலும் நீ கேட்டாய்.

கேட்டதை மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்றும் எழுத மாட்டேன். நீ மேலே வராதே. பெண்ணை மட்டும் அனுப்பு. நான் அவளைச் சொன்ன சொல் கெட்ட சொல். சொன்ன நிமிஷமே தெரியும். மூன்று மாதமாக அவள் ஸ்கூலுக்குப் போவதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மேசை போட்டிருக்கிறேன். விளக்கும் இருக்கிறது. அவளிடம் சொல்.


ஜனவரி 27

அக்கா,

உங்கள் கடிதத்தை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். பிறகு, "கடுதாசியில கூப்பிட்டா நான் போக மாட்டேன். பெரியம்மா வந்து கூப்பிடட்டும்" என்றாள். நான் சொல்லிக் கொடுத்தது என்று நினைக்காதீர்கள். இந்தப் பிடிவாதம் என்னுடையதும் இல்லை, அவள் அப்பாவுடையதும் இல்லை. யாரிடம் வளர்ந்தாள் என்று உங்களுக்கே தெரியும்.

நீங்கள் பேசுவதில்லை என்று சொன்னது என்னோடுதான். நாளை நாலரைக்கு அவள் வீட்டில் இருப்பாள். நான் நூல் வாங்கக் கடைக்குப் போய்விடுவேன். ஐந்தரைக்கு முன்னால் வர மாட்டேன். கதவு சும்மா சாத்தியிருக்கும்.


ஜனவரி 30

கீழ் வீட்டுக்காரிக்கு,

கட்டில் நீளம் போதவில்லை. கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இந்த மூன்று மாதத்தில் இவ்வளவு வளர்ந்திருக்கிறாள், எனக்கு நீ ஒரு வரி எழுதவில்லை. பூண்டு வளர்ந்ததைக்கூட நான் உனக்கு எழுதினேன்.

ஒரு போர்வை பத்தாது. கிழக்குப் பக்கம் காற்று அடிக்கிறது. அவள் படித்துக்கொண்டிருக்கிறாள், கீழே அனுப்ப முடியாது. நீயே எடுத்துக்கொண்டு வா.

அறை வாசல் வரைக்கும் வந்தால் போதும்.